பாதத்தில் வைத்த மை

முதலில் தெரிந்தது ஒரு காது.

குழந்தை இயேசுவின் கன்னம் இருக்கும் இடத்தில், சதைநிறப் பூச்சுக்கு அடியில், கரிக்கோட்டில் வரைந்த சின்னக் காது. சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனபோது, ஈரச் சுவரில் கறை கிளம்புவதுபோல் மேலே வந்தது. என் மகள் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதிய வெயிலில் ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு அசையாமல் நின்றது. திரையைப் பார்த்தேன், அவள் காதைப் பார்த்தேன், மறுபடி திரையைப் பார்த்தேன். பிறகு எழுந்துபோய் அவள் நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை.

அந்த மாதங்களில் எதற்கெடுத்தாலும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. சிறிது காலத்துக்கு முன்புதான் காய்ச்சலில் அவளுக்கு வெட்டு, அதாவது வலிப்பு, வந்தது. கண்கள் மேலே செருகி, கைகால் விறைத்து, என் மடியிலேயே அவள் வேறு யாரோவாக மாறிப்போனாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இந்த வயதில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும், வளர வளர நின்றுவிடும், காய்ச்சல் வந்தால் இன்ன மருந்து கொடுங்கள், பயப்பட வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பயப்பட வேண்டாம் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

நான் படித்தது கணினி அறிவியல். கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கொல்லங்கோட்டில் கணவர் வீட்டோடு தங்கிவிட்டேன். அப்போதுதான், கூடப் படித்த ஒருத்தி சொல்லி இந்த வேலை வந்தது. மலைப்பகுதியில் இருக்கும் சின்னச் சின்னத் தேவாலயங்களின் பழைய ஓவியங்களை ஒரு சிறிய குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. வரைந்தவர்கள் பெரும்பாலும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள். யார் வரைந்தார்கள், எத்தனை முறை மாற்றினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஓவியத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவர்கள் போய் ஒவ்வொரு ஓவியத்தையும் சாதாரண ஒளியிலும் அகச்சிவப்பு ஒளியிலும் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். அகச்சிவப்பு ஒளி பூச்சைக் கடந்து அடியில் போகும். கரி இருக்கும் இடத்தில் மட்டும் விழுங்கப்பட்டுக் கருப்பாகத் தெரியும். அதனால் பூச்சுக்கு அடியில் ஓவியர் முதலில் கரித்துண்டால் போட்ட கோடுகள் வெளியே வந்துவிடும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் பொருத்துவது, விரிசலையும் பூசணப் புள்ளிகளையும் கணினி நிரலைக் கொண்டு கண்டுபிடித்து நீக்குவது, மிஞ்சும் கோடுகளைப் பிரித்து வைப்பது என் வேலை.

"மாதாவுக்கு மொகங் கழுவி உட்டுட்டு இருக்கறயா கண்ணு?" என்று மாமியார் எட்டிப் பார்ப்பார். "கழுவறது கழுவற, நம்ம ஊட்டுச் சாமி படத்தையும் சேத்திக் கழுவிப் போடு. புகையேறிக் கெடக்குது."

இந்தப் படம் உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் கும்பிடும் ஒரு மாதா கோயிலில் இருந்து வந்தது. மரப்பலகையில் எண்ணெய்ப் பூச்சு. நீல முக்காடு போட்ட மாதா, மடியில் குழந்தை. மேலே தெரியும் குழந்தையின் கோடுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அடியில் இன்னும் இரண்டு குழந்தைகளின் கோடுகள் பின்னிக் கிடந்தன. ஒன்று நேராகப் பார்க்கும் முகம், கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. மற்றொன்று தாயின் தோளை நோக்கித் திரும்பிய முகம். அதில் காதும், ஒரு கண்ணின் இமையும், கன்னத்தின் வளைவும் மட்டுமே மிஞ்சியிருந்தன. நான் பார்த்த காது அதனுடையது.

மாதாவுக்கு அடியில் மாதாவேதான் இருந்தாள். ஒரு கோடுகூட மாறவில்லை.

அந்தக் கோயிலின் உபதேசியாரிடம் போனில் கேட்டேன். பூசைக்கு உதவி செய்து, சபையைக் கவனித்துக்கொள்கிறவர். அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"மலையில பனிக்கும் ஈரத்துக்கும் படம் நிக்காது மேடம். பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ திருநாளுக்கு முன்னாடி புதுப்பிப்போம். போடியில இருந்து போர்டு எழுதுறவர் ஒருத்தர் வருவார். பாலன் மொகத்துக்கு மாதிரி வேணும்ல? அந்த வருஷம் ஞானஸ்நானம் வாங்கின புள்ளைகள்ல சீட்டுப் போட்டு ஒண்ண எடுப்போம். அம்மாக்காரி மடியில வச்சுக்கிட்டு உக்காருவா. அவர் பாத்து வரைவார்."

"மாதா யாரைப் பாத்து வரைஞ்சதுங்க?"

"மாதா மாறமாட்டாக மேடம். பாலன்தான் மாறுவார்."

அடியில் இருக்கும் இருவரும் யார் என்று கேட்டேன். ஒருவன் இப்போது தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறான், கல்யாணம் ஆகிவிட்டது என்றார். இன்னொன்றைப் பற்றி இவ்வளவுதான் சொன்னார்.

"அது பொம்பளப் புள்ள. இப்ப இல்ல."

போனை வைத்த பிறகு திரைப்பக்கம் திரும்ப மனமில்லை. லேப்டாப்பை மூடினேன். மூடினால் மட்டும் என்ன, அந்தக் காது உள்ளே திறந்தபடிதானே இருக்கிறது என்று தோன்றியது. படித்தவள் நினைக்கிற நினைப்பு இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு மகளைக் கூப்பிடும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கூப்பிட்டேன்.

சில நாள் கழித்து உபதேசியாரின் எண்ணில் இருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பெண்குரல்.

"நீங்கதான் படத்துக்கு அடியில பாக்குறவுகளா?"

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"அந்தப் பொம்பளப் புள்ளயோட அம்மா."

"சொல்லுங்கக்கா" என்றேன். அவர் தயங்கவில்லை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர்போல் சொன்னார்.

"உருள் பொட்டி மல சரிஞ்சப்ப லயத்துல எங்க வீட்டு வரிச பூராம் போச்சும்மா. ஆளுக தப்பிச்சோம். பெட்டி போச்சு. அவ போட்டோ ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, பெட்டியோட போச்சு. கோயில்ல அவ இருந்தா. நாந்தான் ஃபாதர்ட்ட போயிச் சொன்னேன், பூசைக்கு வந்தா நிமுந்து பாக்க முடியல, வேற புள்ளயப் போட்டுருங்கன்னு. அந்த வருஷம் மாத்துற முறையே இல்ல. எனக்காக மாத்துனாக. இப்ப ரெண்டு எடத்துலயும் இல்ல. அடியில இருக்கான்னு உபதேசியார் சொன்னாரு. எனக்கு ஒரு படம் எடுத்துத் தருவீகளா?"

"என்ன வயசுங்கக்கா?"

"நடக்கல. சுவத்தப் பிடிச்சு நிக்கப் பழகிட்டிருந்தா."

மகள் அப்போது கட்டில் காலைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"காய்ச்சல்தான். மழ. ஜீப்பு கெடைக்கல. கீழ கொண்டு போறதுக்குள்ள வெட்டு வந்துருச்சு."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. மாமியார்கூட, "அன்னிக்கு மாதிரி" என்றுதான் சொல்வார். அது போனுக்குள் இருந்து சாதாரணமாக வந்து எங்கள் அறைக்குள் இறங்கியது. "பார்க்கிறேங்கக்கா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு, பார்க்கிறேன் என்றால் செய்கிறேன் என்று எடுத்துக்கொள்வாரா, முடியாது என்று எடுத்துக்கொள்வாரா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

சிக்கல் இதுதான். அடியில் இரண்டு முகங்கள். எது அந்தப் பெண் குழந்தையுடையது? ஜீப்காரன் முதலில், அவள் அடுத்து என்று வரிசை தெரியும். ஆனால் அகச்சிவப்பு ஒளி ஆழம் சொல்லாது. அடியில் இருக்கும் எல்லாக் கோட்டையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து போட்டுவிடும். எது மேலே, எது கீழே என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூச்சைச் சுரண்டிப் பார்க்கலாம். அது எங்கள் வேலை இல்லை, கும்பிடுகிற படத்தில் யாரும் கை வைக்கவும் விடமாட்டார்கள்.

நேராகப் பார்க்கும் முகம்தான் அவள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. காரணம் எதுவும் இல்லை. அது முழுசாக இருந்தது, ஒரு தாயிடம் கொடுக்கக்கூடியதாக இருந்தது, அவ்வளவுதான். கோட்டு உருவத்தைக் கொடுத்தால் நிறமும் சதையும் வைத்து நிரப்பித் தரும் நிரல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பழக்குவதற்காக முன்பு என் மகளின் போட்டோக்களைத்தான் கொடுத்திருந்தேன். வேறு எந்தக் குழந்தையின் படம் என்னிடம் இருக்கிறது? நேர்முகத்தை அதில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மாநிறத்தில், ஈரக் கண்களோடு, சிரிக்கப் போகிற ஒரு குழந்தை திரையில் வந்து உட்கார்ந்தது.

தோப்பில் இருந்து சாப்பிட வந்த என் கணவர் பின்னால் நின்று பார்த்தார்.

"இதென்ன, பாப்பாவையும் வரைஞ்சு போட்டயா?"

நான் திரும்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இல்ல புள்ள, சும்மா சொன்னேன். இந்த வயசுல எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரிதான இருக்கும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பாப்பா மாதிரி இருக்குதுங்களா?"

"தாடை கொஞ்சம். அட, உடு புள்ள. சோத்தப் போடு."

மாமியார் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு மிகப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

"அத அழிச்சுப் போடு கண்ணு" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து குழந்தைக்குச் சுற்றிப் போட்டார்.

எனக்கும் காரணம் தெரியும். பழக்கிய முகத்தைத்தான் நிரல் திரும்பத் தரும். அதில் மர்மம் ஒன்றுமில்லை. மர்மம் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் செத்துப்போன குழந்தையின் கோட்டுக்குள் என் மகளின் சதையைக் கொண்டுபோய் வைத்தது நான்தானே? அழிக்கப் போனேன். அழிப்பதும் பயமாக இருந்தது. அவள் முகம் இருக்கும் ஒன்றை என் கையால் எப்படி அழிப்பது? அது அப்படியே கிடந்தது. அந்தக் கோப்பு இருக்கும் பக்கம் போகாமல் மற்ற வேலைகளைச் செய்தேன். அன்று மாலை மகள் இரண்டு முறை தும்மினாள். மாமியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் அந்தத் தாயை நானே அழைத்தேன். குழந்தை பார்க்க எப்படி இருப்பாள், நெற்றி அகலமா, தாடை கூர்மையா, ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். பின்னால் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் யாரோ யாரையோ ஏசுவது கேட்டது.

"சொன்னா நம்பமாட்டீக. எனக்கு மொகம் ஞாபகம் வரமாட்டேங்குதும்மா" என்றார். "தூக்குனா இம்புட்டுக் கனம் இருப்பான்னு தெரியுது. உச்சந்தலை வாசம் தெரியுது. மொகம் மட்டும் வரமாட்டேங்குது. முன்ன போட்டோவப் பாத்துப் பாத்து, போட்டோதான் ஞாபகத்துல நின்னுச்சு. அது போனதும் அவளும் போயிட்டா."

"எந்தப் பக்கம் பாத்தாப்புல வரைஞ்சாங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"வரையிறப்ப நான் எங்க பாத்தேன், அழாம இருக்கணுமேன்னு அவளையில்ல பாத்துக்கிட்டிருந்தேன். அவ போன பெறகு நிமுந்து பாக்கவே இல்ல. நீங்க படிச்சவுக. நீங்க எத அனுப்புறீகளோ அதான் எனக்கு அவ."

இதற்கு முன் யாரும் என்னிடம் அப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. அந்த வண்ண முகத்தை அனுப்பியிருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். தினமும் அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார். எங்கோ மலையில் ஒரு வீட்டில், இறந்தவள் என்று சொல்லி, என் மகளின் தாடையின் கீழே ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கும். ஆனால் எதையும் அனுப்பாமல் இருந்தால்? அவருக்கு ஒன்றுமே இல்லை. எனக்குப் பயம் என்பதற்காக அவருக்கு ஒன்றுமில்லாமல் செய்யலாமா?

குழுவை நடத்தும் அம்மாவிடம் கேட்டேன். அவர் சுருக்கமாகப் பேசுபவர். கோயில்காரர்களின் சம்மதத்தோடு படத்தைக் கொடுப்பதில் தடை இல்லை என்றார். "எது நாம் பார்த்தது, எது நிரல் ஊகித்தது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். மற்றபடி நீங்கள் முடிவு செய்யுங்கள்." நான் எதிர்பார்த்தது, செய் அல்லது செய்யாதே என்ற ஒரு வார்த்தையை. அது கிடைக்கவில்லை.

பிறகு ஒரு காலை. மாமியார் மகளைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். வழக்கம்போல் மைச் சிமிழைத் திறந்தேன். எங்கள் வீட்டில் மை கடையில் வாங்குவதில்லை. விளக்கெண்ணெய் விளக்கின் புகையைத் தட்டில் பிடித்து, சுரண்டி எடுத்து, எண்ணெய் விட்டுக் குழைத்து மாமியாரே செய்வார். கன்னத்தில் பொட்டு வைத்தேன். வைத்த கையை எடுப்பதற்குள் மகள் தேய்த்துக் கன்னம் முழுக்க இழுத்துவிட்டாள்.

"அழிச்சுப் போட்டியா?" என்றார் மாமியார் குழந்தையிடம். "கரிப்பேய் மாதிரி இருக்கறா பாரு. துடைச்சு உட்டுட்டு வேற எடத்துல வெய்யி கண்ணு."

துண்டை எடுத்துத் துடைத்தேன். கருப்பு போய்க் கன்னம் சுத்தமானது. அப்போதுதான் கை நின்றது.

புகைக்கரி. அகச்சிவப்பு ஒளியில் எல்லாவற்றையும்விடக் கருப்பாகத் தெரிவது அதுதான். நான் பயன்படுத்தும் நிரலோ, சின்னதாகத் தனியாக இருக்கும் எந்தக் கரும்புள்ளியையும் பூசணம் என்று எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள நிறத்தால் மூடிவிடும். அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று ஒன்று இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் காலையில் வைக்கிறேன். ஆனால் படம் என்று வந்ததும் நானும் அதைக் கறையாகத்தான் பார்த்தேன். பெற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ஊரே அண்ணாந்து பார்க்கப்போகும் படத்துக்கு மாதிரியாக உட்கார்ந்த ஒரு தமிழ்த் தாய், அந்தப் படத்துக்கும் பொட்டு வைக்காமல் விட்டிருப்பாளா?

மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். நீக்கிய புள்ளிகளின் அடுக்கைத் திறந்தேன். பலகை முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளிகள். கன்னத்தில், நெற்றியில், மாதாவின் கையில், எங்கும். எது பூசணம், எது பொட்டு? உற்றுப் பார்க்கப் பார்க்க எல்லாமே பொட்டாகத் தெரிந்தது. நான் தேட ஆரம்பித்தால் எனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று புரிந்தது. திரையை மூடிவிட்டு மலையில் இருக்கும் அந்தத் தாயைப் போனில் கூப்பிட்டேன். மை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

"அக்கா, பெயிண்ட் காஞ்ச பொறகு அந்தப் படத்துக்கு நீங்க ஏதாச்சும் செஞ்சீங்களா?"

"என்னத்தச் செய்ய?"

"ஏதாச்சும். தொட்டீங்களா, வெச்சீங்களா?"

"இருங்க. அங்கிட்டு வாறேன். உபதேசியார் பக்கத்துல நிக்காரு" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். குரல் இறங்கிவிட்டது.

"மை வச்சேன். திருநாளுக்கு முந்துன நாள் பீடம் கழுவ எங்க முறை. ஸ்டூல் போட்டு ஏறி வச்சேன். மொகத்துல வைக்க முடியுமா? சாமி மொகத்துல கரியப் பூசிட்டாளேன்னு உபதேசியார் ஏசமாட்டாரா? ஆனா அத்தன பேரும் வந்து எம்புள்ளயப் பாத்துட்டுத்தான போவாக. மனசு கேக்கல. உள்ளங்கால்ல வச்சேன். யாருக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

"உள்ளங்கால் தெரியற மாதிரியா வரைஞ்சிருந்தாங்க?"

"ஆமா, ஒரு காலத் தூக்கிக்கிட்டு. அவ அப்படித்தான், காலத் தூக்காம இருக்கமாட்டா." சொன்ன பிறகு அவரே திகைத்துப்போனார். "இது எனக்கு இத்தன நாளா ஞாபகம் வரலியே."

நேராகப் பார்க்கும் குழந்தைக்கு இரண்டு கால்களும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மேலே இப்போது தெரியும் குழந்தைக்குக் கால்களைத் துணி மூடியிருக்கிறது. திரும்பிய முகத்துக்குக் கீழே, இடுப்பில் இருந்து பிரிந்து போகும் ஒரு கோட்டைத் துணியின் மடிப்பு என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அது மடிப்பு இல்லை. மடக்கித் தூக்கிய கால். அதன் முடிவில், நம்மைப் பார்த்தபடி, ஒரு சின்னப் பாதம். நீக்கிய புள்ளிகளைத் திரும்ப வைத்தேன். குதிகாலுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. வட்டமாக, ஒரு ஓரம் மட்டும் விரல் எடுக்கும்போது இழுபட்டதுபோல் நீண்டு.

அந்தக் காதுதான் அவள். நான் முதல் நாளே பார்த்துவிட்டு நெற்றியைத் தொட ஓடிய காது. வண்ணம் பூசிச் சிரிக்க வைத்தது, இப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருப்பவனை.

அந்த வண்ண முகத்தை அன்றைக்கு அழித்தேன். அழித்துவிட்டுப் போய் மகளைத் தூக்கிக்கொண்டேன்.

தபாலில் அனுப்பலாம் என்றார் கணவர். நானே கொடுக்க வேண்டும் என்றேன். குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் பயம். கடைசியில் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினோம். பொள்ளாச்சி, பழனி வழியாகப் போய், தேனியும் போடியும் தாண்டி மலை ஏறும்போது குளிர ஆரம்பித்தது. வழியெல்லாம் அவள் நெற்றியைத் தொட்டுக்கொண்டே வந்தேன். "கை வெச்சு வெச்சே சூடேத்திப் போடுவ போல" என்றார் கணவர்.

கோயில் சின்னது, தகரக் கூரை. உள்ளே மெழுகும் ஏலக்காயும் கலந்த வாசம். அந்தத் தாய் வேலைக்கோட்டோடு, தலையில் துண்டு கட்டியபடி நேராக வந்திருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். என்னையும் என் தோளில் தூங்கும் மகளையும் பார்த்தார். தூக்கக் கை நீட்டினார். நான் ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், மகளை இறுக்கிக்கொண்டேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"தூங்கட்டும்" என்றார்.

அந்தக் கணத்தைத் திரும்ப எடுக்க முடியுமானால் எடுத்திருப்பேன். அல்லது மாட்டேனோ. இன்றைக்கும் தெரியவில்லை.

பலகையின் அளவுக்குச் சரியாக அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். நிறம் இல்லை, நிரப்பியது எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் காதும், இமையும், கன்னமும், தூக்கிய காலும். இல்லாத இடத்தை இல்லாமலே விட்டிருந்தேன். இவ்வளவுதான் தெரிகிறது, பாதி முகத்தைப் பூசணம் தின்றுவிட்டது, இந்தப் புள்ளி மையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒப்பிப்பதுபோல் எல்லாவற்றையும் சொன்னேன்.

படத்தில் இருந்த முகத்தை அவர் பார்க்கவில்லை. முதலில் பாதத்தைப் பார்த்தார். மோதிர விரலை நீட்டி அந்தப் புள்ளியின் மேல் வைத்தார். விரலுக்கு அடியில் புள்ளி மறைந்தது. அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, யார் விரலை வைத்தாலும் மறையும். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகுதான் கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனார், ஏணியில் ஏறுகிறவரைப்போல.

"நான் நெனச்ச மாதிரி இல்லியே இவ" என்றார்.

உபதேசியார் வாயிலில் நின்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆனா மை நான் வச்சதுதான்." தாளைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "பாத்துப் பாத்துப் பழகிக்கிடுறேன்."

பீடத்துக்கு மேலே இருந்த படத்தை அவர் அப்போதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். ஒரு குழந்தை தெரிந்தது. மூன்று குழந்தைகள் தெரிந்தார்கள். மாதா யாரையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது மகள் விழித்துக் காலை உதறினாள். ஒரு காலுறை கழன்று விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். மாட்டிவிடப் போனவர், அவள் உள்ளங்காலைப் பார்த்து நின்றார். அங்கே ஒரு பொட்டு இருந்தது. அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு நான் கன்னத்தில் வைப்பதை விட்டிருந்தேன். ஏன் என்று மாமியார் கேட்டதற்கு, தேய்த்துவிடுகிறாள் என்று சொல்லியிருந்தேன்.

"இங்கயா வைக்கீக?" என்றார் மெதுவாக. "நடக்க ஆரம்பிச்சா நிக்காதும்மா. அவ நடக்கல, அதான் நின்னுச்சு."

காலுறையை மாட்டிவிட்டு, அவள் பாதத்தை ஒருமுறை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு விட்டார். கனத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அறிக்கையில், "பாதத்தில் ஒரு கரும்புள்ளி, மேல்பூச்சுக்கு அடியில் உள்ளது, கரியாக இருக்கலாம்" என்று எழுதினேன். இருக்கலாம் என்பதை இருக்கும் என்று மாற்றினேன். பிறகு மறுபடி இருக்கலாம் என்றே மாற்றினேன். சில மதியங்களில் அந்தப் படத்தைத் திறந்து புள்ளியைப் பெரிதாக்கிப் பார்ப்பதுண்டு. சில நாள் விரல் இழுத்த தடம்போல் தெரியும். சில நாள் வெறும் பூசணம். அது பூசணமாக இருந்தால் மலையில் ஒரு தாய் தினமும் பழகிக்கொண்டிருப்பது யாருடைய முகத்தை? காலைத் தூக்கிக்கொண்டே இருப்பாள் என்று அவர் சொன்னாரே, நான் கேட்காமலேயே சொன்னாரே என்று திரும்பத் திரும்ப அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

மகள் இப்போது நடக்கிறாள். காலையில் உள்ளங்காலில் பொட்டு வைத்து இறக்கிவிட்டால் கூடத்தைத் தாண்டுவதற்குள் போய்விடுகிறது. சிமெண்ட் தரையில் அங்கங்கே கரும்புள்ளிகள், கதவுவரை. "தரையப் பாரு கண்ணு, தொடச்சு உடு" என்கிறார் மாமியார். துடைக்கிறேன். துடைப்பதற்கு முன், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.